சிந்தாத மணி

சாப்பிட்டு முடித்ததும் சிந்தாமணி எழுந்திருக்க மாட்டார். ஆட்காட்டி விரலை நாக்கு நுனியில் தொட்டுக்கொண்டு, தட்டைச் சுற்றி மேசையில் கிடக்கும் ரொட்டித் தூளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போடுவார். தன் தட்டைச் சுற்றி முடிந்தால் பக்கத்துத் தட்டுக்குப் போவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேராசிரியரா பியூனா என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரியாது. கல்லூரிக் கேன்டீனில் புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவர் கூச்சப்பட்டு, தன் முன்னால் சிந்தியதைக் கைக்குட்டையால் தட்டிவிடப் பார்த்தார். "இருங்க தம்பி, அதை ஏன் விரட்டுறீங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஒற்றி முடித்துவிட்டார்.

சிந்தாமணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்தப் பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. இது தானியக் கிடங்கில் மூட்டை சுமந்தவர்கள் வைத்தது. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது கொக்கி குத்திய ஓட்டை வழியாகத் தானியம் ஒழுகும். ஒழுகியதைப் பெருக்கி, கல் மண் நீக்கி, திரும்ப மூட்டையில் சேர்ப்பது இவருடைய வேலை. ஒரு மணியைக்கூடச் சிந்தவிடாதவள் என்று கேலி செய்ய ஆரம்பித்து, 'சிந்தா மணி, சிந்தா மணி' என்று கூப்பிட்டு, கடைசியில் இடைவெளி போய் அதுவே பெயராகிவிட்டது. வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நான் அந்தக் கிடங்கில் சங்கம் கட்டப் போனவன். அங்கே ஒரு வேடிக்கையான சட்டம் இருந்தது. தரையில் கிடக்கும்வரை அது குப்பை. எனவே பெருக்குகிற பெண்களுக்குக் குப்பை அள்ளுகிற கூலி. சிந்தாமணி சுத்தம் செய்து மூலையில் குவித்த நிமிடத்திலிருந்து அது கம்பெனிச் சரக்கு. எனவே யாரும் கை வைக்கக் கூடாது. இதை விளக்கி நான் நான்கு பக்கத்தில் துண்டுப்பிரசுரம் எழுதினேன். அவர் வாயிற்கூட்டத்தில் ஒலிபெருக்கி கூட வாங்காமல் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "குப்பைன்னா எனக்குக் குடு. தானியம்னா தானியம் எடுக்குற கூலி குடு. ரெண்டுல ஒண்ணு சொல்லு." பிரசுரம் பாதிக்கு மேல் மிச்சமாகிவிட்டது. அவர் அதை வீணாக்கவில்லை. வீட்டு அலமாரித் தட்டுகளில் விரித்திருக்கிறார்.

அவர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விடுவதும் கிடங்குப் பழக்கம்தான். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தடித்த மடிப்பு. பெருக்கும்போது தெறிக்கும் மணிகள் அந்த மடிப்பில் தங்கும். வீட்டுக்குப் போய் மடிப்பைப் பிரித்து உதறினால் ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை. வாசலில் சோதனை போடுகிற காவலாளி பைகளையெல்லாம் தடவிப் பார்ப்பார், மடிப்பைப் பார்க்க மாட்டார். "மூணாவது பை" என்று சிந்தாமணி அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

கிடங்கு மூடிவிட்டது. இப்போது அவர் வேலை செய்வது ஒரு கல்லூரியின் பின்பக்கம், சுற்றுச்சாலையை ஒட்டிய கம்பிவேலிக்குள். அடுத்தடுத்து இரண்டு துண்டு நிலம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய். கொட்டகைக்குள் பெஞ்சு, தராசு, சுவரில் ஆணியடித்து மாட்டிய அரிவாள்கள். இரும்பு அரிவாள் அல்ல. வளைந்த மரத்தில் பள்ளம் செதுக்கி, கூரான கல் சில்லுகளை வரிசையாகப் பிசின் வைத்துப் பதித்தவை. அறுக்கும்போது ஒரு சில்லு கழன்றால், "பல்லு விழுந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டு அடுப்பில் பிசினை இளக்கி அவரே திரும்ப ஒட்டுகிறார். நிறைய அறுத்த கல்லில் ஒரு பளபளப்பு ஏறும். புல் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு. அதைக் கன்னத்தில் உரசிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். பல ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போன கற்களிலும் இதே பளபளப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது, "அப்ப அவளும் கன்னத்துல தேச்சுப் பாத்திருப்பா" என்றார். யார் அவள் என்று கேட்டதற்கு, "எனக்கு முன்னால இந்த வேலையில இருந்தவ" என்றார்.

டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் அல்ல. தொல்லியல் படித்துப் பட்டம் வாங்கியவர். சிந்தாமணியின் வீட்டுக்காரர் பழைய லாரி டிரைவர். முதல் சந்திப்பிலேயே கால்முட்டியைத் தட்டிக் காட்டி மாத்திரை கேட்டார். "நான் செத்தவங்களைத்தான் பாக்குறேன்" என்று டாக்டரம்மா சொன்னார். "அப்ப கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்" என்றார் டிரைவர். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பழக்கம்.

டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி. காட்டில் பொறுக்கித் தின்ற மனிதர்கள் எப்படி உழவர்களானார்கள் என்பது. எங்கள் அரசியல் வகுப்புகளில் இதற்கு ஒரு அம்புக்குறி போதுமானதாக இருந்தது. கரும்பலகையில் இடப்பக்கம் 'வேட்டை', வலப்பக்கம் 'வேளாண்மை', நடுவில் அம்பு. சாக்பீஸ் தேயாத அளவுக்குச் சின்ன அம்பு. அதைப் போட்டுவிட்டு அடுத்த சமூக அமைப்புக்குப் போய்விடுவோம். டாக்டரம்மா அந்த அம்புக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டவர். எழுந்து வர மாட்டேன் என்கிறார்.

விஷயம் இதுதான். காட்டுத் தானியத்தின் கதிர் பழுத்ததும் தானாக உடைந்து கொட்டும். கொட்டினால்தான் மண்ணில் விழும், அடுத்த வருடம் முளைக்கும். ஆயிரக்கணக்கான கதிர்களில் எங்கோ ஒன்று மட்டும் கொட்டாமல் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். புல்லின் கணக்கில் அது பிறவிக் குறை. மனிதரின் கணக்கில் அதுதான் பயிர். அரிவாள் பட்டு அதிரும்போது கொட்டுகிற கதிர் மண்ணுக்குப் போகும். கொட்டாத கதிர் கைக்கு வரும். கைக்கு வந்ததை மட்டும் அடுத்த வருடம் விதைத்தால், வயலில் கொட்டாத கதிர் கொஞ்சம் கூடும். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். இப்படியே போனால் ஒரு நாள் வயல் முழுக்கக் கொட்டாத கதிர். மனிதர் கை படாமல் தன்னைத்தானே விதைத்துக்கொள்ளத் தெரியாத பயிர். அந்தப் பயிருக்கு மனிதரை விட்டால் கதியில்லை. மனிதருக்கும் அதை விட்டுப் போக வழியில்லை.

இதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும்? காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள் சில பத்து வருடம் என்கிறார்கள். தோண்டி எடுத்த கரிந்த மணிகளைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கான வருடம் என்கிறார்கள். அறுத்துத்தான் பார்த்துவிடுவோமே என்று டாக்டரம்மா கல்லூரியிடம் நிலம் கேட்டு வாங்கி இறங்கினார். காட்டு விதையோடு கொட்டாத கதிரின் விதையை ஒரு கைப்பிடி கலந்தே விதைத்தார். இருக்கிறது பெருகுகிறதா என்று பார்த்தால் போதும். இந்த வருடம் ஒரு துண்டு, அடுத்த வருடம் பக்கத்துத் துண்டு என்று மாற்றி மாற்றி விதைப்பு. கீழே விழுந்ததைப் பறவையும் எறும்பும் பார்த்துக்கொள்ளும்.

அறுக்க ஆள் வேண்டும் என்றபோது நான்தான் சிந்தாமணியைக் கொண்டுபோய் விட்டேன். தானியத்தோடு பழகியவர், கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று சொன்னேன். மூன்றும் உண்மை.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தானியத்திலேயே புரண்டவர், அதுவரை ஒரு மணி முளைத்துப் பார்த்ததில்லை. நகரத்தில் பிறந்து, கிடங்கில் தேய்ந்தவர். அவர் பார்த்த தானியமெல்லாம் சாக்குக்குள்ளிருந்து வந்து சாக்குக்குள் போனது. முதல் விதைப்புக்குப் பிறகு மண்ணில் பச்சை நுனி தெரிந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். "பாருங்க தோழர்" என்றார். பார்த்தேன். புல். "எத்தனை மூட்டை பாத்திருப்பேன், ஒண்ணுகூட என்கிட்ட சொல்லல" என்றார்.

அன்றிலிருந்து அது அவருடைய நிலம். பத்திரம் கல்லூரியிடம் இருக்கட்டும். கதிர் முற்றுகிற பருவத்தில் காலையில் கொட்டகையைத் திறக்கும் முன்னால் வரப்போரமாக நடந்து, கதிர்களைப் புறங்கையால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். "புடிச்சுக்கோ கண்ணு, புடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் சொல்லச் சொல்ல மணிகள் உதிரும்.

ஆமாம், உதிர்ந்தன. அதுதான் துக்கம். ஏழெட்டு அறுவடை ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. கலந்த கைப்பிடி கலந்த அளவிலேயே நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டரம்மா அரிவாளை மாற்றிப் பார்த்தார். அறுக்கும் நாளைத் தள்ளிப் பார்த்தார். கதிரை இன்னும் முரட்டுத்தனமாக உலுக்கச் சொன்னார். சிந்தாமணி உலுக்கினார். அடுத்த வருடமும் அதேதான். ஆச்சரியமாக ஒன்று மட்டும் நடந்தது: அறுத்து முடித்த துண்டில் அடுத்த மழைக்கு ஒன்றுமே முளைக்கவில்லை. இத்தனை விழுந்தும் ஒரு முளைகூட இல்லையே என்று பார்த்துவிட்டு, "இந்த ஊர்க் குருவிங்க நல்லாச் சாப்பிடுது" என்றார் டாக்டரம்மா. சிந்தாமணிக்கு அது பிடிக்கவில்லை. குருவிக்கு இங்கே என்ன வேலை என்று முணுமுணுத்தார்.

இதற்கிடையில் கல்லூரிக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை. கட்டிடக் குழு வேலிக்கு வெளியே நின்று நிலத்தைக் கண்ணால் அளக்க ஆரம்பித்தது. இந்த அறுவடையிலாவது ஏதாவது காட்டுங்கள், இல்லையென்றால் நிலத்தைச் சமன் செய்து சிமெண்ட் போட்டுவிடுவோம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். சிந்தாமணி அன்று கேன்டீனில் சாப்பிட்ட பிறகு மேசையைத் தொடவே இல்லை என்று பியூன் வந்து என்னிடம் சொன்னார்.

அந்த அறுவடையின் மாலையில் நான் கொட்டகை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வழக்கம்போல் அறுத்த கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, கொட்டாத கதிர் எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் போய்விட்டார். எண்ணி முடித்ததும் கட்டுகள் திரும்பக் கொட்டகைக்கு வரும். உதிர்த்து மூட்டை கட்டுவது சிந்தாமணியின் பொறுப்பு. அவர் சுவரிலிருந்து கிடங்குக் காலத்துக் கட்டை பிரஷ்ஷை எடுத்தார். தகர முறத்தை எடுத்தார். மண்டியிட்டு, நிலத்தின் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தார். பிரஷ் மண்ணைத் தொடாமல் மணியை மட்டும் தொட்டது. முறம் நிரம்பினால் ஊதி, புடைத்து, மூட்டையில் கொட்டினார். பார்க்க அழகாக இருந்தது. நான் இரண்டாவது டீயை ஊற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை எடுக்கத் திரும்பி வந்தவர், வேலி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"வழக்கம்போலத்தான். கீழ கிடக்குறத எடுக்குறேன்."

"எடுத்து?"

"மூட்டையில போடுவேன். வேற எங்க போடுறது?"

"வருஷா வருஷமா?"

பாராட்டு வரப்போகிறது என்று சிந்தாமணி நினைத்துவிட்டார். முகத்தில் அது தெரிந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூட்டையைத் தட்டிக் காட்டினார். "ஒரு மணி விட்டதில்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா வரப்பில் உட்கார்ந்தார். உட்காரும் இடத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். "சிந்தாத மணி மூட்டைக்கு வரணும்னு முதல் நாளே சொன்னேனே அக்கா."

"அதைத்தானே செய்யறேன். சிந்தாம மணி மூட்டைக்கு வரணும்னீங்க."

ஓர் எழுத்து. 'த' இருந்த இடத்தில் 'ம'. அன்றைக்குச் சுற்றுச்சாலையில் ஏதாவது லாரி போயிருக்கும். போகாவிட்டாலும் அவர் காது அப்படித்தான் கேட்டிருக்கும். பெயரே அப்படி வைத்துவிட்டோம். சிந்தியதை அப்படியே விடு என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் அவருக்கு அது பேச்சாகக் கேட்காது, சத்தமாகத்தான் கேட்கும். இப்படியாகக் கொட்டுகிற கதிர், கொட்டாத கதிர் எல்லாம் சமமாக ஒரே மூட்டைக்குள் போய், சமமாக அடுத்த வருடம் முளைத்து வந்திருக்கிறது. புல்லுக்கு மாற வேண்டிய அவசியமே வரவில்லை.

டாக்டரம்மா எழுந்து போய்விட்டார். மூக்குக்கண்ணாடி பெஞ்சிலேயே இருந்தது. சிந்தாமணி மண்டியிட்ட இடத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. நான் விளக்கி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "என் கையாலயே கெடுத்துட்டேனா" என்று ஒரு முறை கேட்டார். அரிவாள்களைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினார். பிரஷ்ஷை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். சாவியை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

அடுத்து நடந்ததை டிரைவர் எனக்குச் சொன்னார். இரண்டு அறை வீடு அது. மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். சிந்தாமணி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு சில நாட்கள் உட்கார்ந்திருந்தார். தேற்ற வேண்டும் என்று டிரைவருக்குத் தோன்றியது. அவருக்குத் தெரிந்த விதத்தில் தேற்றினார்: "நான் வாழ்க்கை பூரா லாரி ஓட்டினேன். ஒரு வண்டியக்கூட இவ்வளவு சுத்தமா கவுத்ததில்ல." சிந்தாமணி டம்ளரை எறிந்தார். காலி டம்ளர்தான். டீயோடு எறியவில்லை என்பதிலிருந்தே தேறிவிடுவார் என்று டிரைவருக்குத் தெரிந்துபோனது.

பிறகு டாக்டரம்மா வந்தார். சண்டை போட வந்தாரா, சமாதானம் சொல்ல வந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. மேசைமுன் உட்கார்ந்து கொடுத்த ரொட்டியைத் தின்றார். தின்று முடித்ததும் சிந்தாமணியின் விரல் நாக்கைத் தொட்டுக்கொண்டு புறப்பட்டது. தன் பக்கத்தை முடித்துவிட்டு, மேசையைக் கடந்து டாக்டரம்மாவின் தட்டைச் சுற்றி ஒற்ற ஆரம்பித்தது. டாக்டரம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குதா அக்கா?"

"பசி எங்க. இப்பத்தானே தின்னேன்."

"அப்புறம் ஏன் எடுக்குறீங்க?"

"கிடக்குது, எடுக்குறேன். வேற காரணம் வேணுமா?"

"எடுக்காதீங்கன்னு நான் சொன்னா?"

சிந்தாமணி யோசித்துத்தான் சொன்னாராம். "நீங்க பாத்துட்டிருந்தா எடுக்க மாட்டேன். அந்தப் பக்கம் திரும்பினா எடுத்துடுவேன்."

பசியில்லாத நீங்களே இப்படி என்றால், அந்தக் காலத்தில் பசியோடு வந்தவர்கள் எப்படி விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்றார் டாக்டரம்மா. சிந்தாமணியிடம் சொல்வதைப் போலவும் இருந்தது, சொல்லாததைப் போலவும் இருந்தது என்றார் டிரைவர். காகிதத்தில் கணக்குப் போட்டவர்கள் எல்லோரும், அறுத்தவள் விழுந்ததை விட்டுவிட்டுப் போனாள் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்கள். அவள் விடவில்லை என்றால்? கூடையைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, கடைசி மணிவரை பொறுக்கியிருந்தால்? பிள்ளைகளையும் இறக்கிப் பொறுக்கச் சொல்லியிருந்தால்? ஆயிரக்கணக்கான வருடம் ஆகத்தானே செய்யும்.

"இருக்கலாம்" என்று மட்டும் அதற்குமேல் சேர்த்தாராம் டாக்டரம்மா. படித்தவர்.

சிந்தாமணிக்கு வேறு சந்தேகம். "அப்ப மொதல்ல விட்டவ யாரு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா. சிந்தாமணி விடவில்லை. வயிறு நிறைந்தவளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பு வலிக்காரியாக இருக்க வேண்டும் என்றார். "மாமியார் பொறுக்குன்னு சொல்லியிருப்பா. மருமக வேணும்னே விட்டிருப்பா" என்றார் டிரைவர். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபிறகு சிந்தாமணி தன் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பயிர் நம்ம கைக்கு வரணும்னா நாம கீழ கிடக்குறத விடணும். அப்படித்தானே? அது ரொம்பக் கஷ்டம் டாக்டரம்மா."

கட்டிடக் குழுவின் முன்னால் டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. தப்பு நடந்தது என்றார். அந்தத் தப்பு இங்கே மட்டும் நடந்ததில்லை என்று நினைக்கிறேன் என்றும் சொன்னார். அதைப் பரிசோதிக்க இன்னும் சில அறுவடை வேண்டும். ஒரு பக்கம் பொறுக்க வேண்டும், ஒரு பக்கம் பொறுக்காமல் விட வேண்டும் என்றார். குழுத் தலைவர், இத்தனை வருடம் நிலத்தைக் கொடுத்துத் தப்பைத்தான் வாங்கினோமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் குழுக்கள் எப்போதும் செய்வதைத்தான் அந்தக் குழுவும் செய்தது: பாதி கொடுத்தது. இரண்டு துண்டிலும் சாலைப் பக்கத்துப் பாதியில் சிமெண்ட் விழுந்தது. மிச்சப் பாதி டாக்டரம்மாவுக்கு. விடுகிற பக்கத்தில் கொட்டாத கதிர் கூடவில்லை என்றால் அதுவும் போகும்.

மிச்ச நிலத்தின் நடுவே கயிறு கட்டினார்கள். இந்தப் பக்கம் பொறுக்க வேண்டும், அந்தப் பக்கம் விட வேண்டும். விடுகிற பக்கத்துக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று சிந்தாமணி கெஞ்சினார். ஆளையும் அவரே காட்டினார், ஒரு மாணவர். "அவன் சாப்பாட்டையே பாதி வச்சுட்டு எந்திரிக்கிறவன். நல்லா விடுவான்." டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கை அறுத்தால்தான் ஒப்பிட முடியும் என்றார். தான் பக்கத்தில் நின்று பார்க்கப்போவதில்லை என்றும் சொன்னார். கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன், அப்புறம் உங்கள் பாடு என்றார். சிந்தாமணி அன்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். திருடிவிடுவாய் என்று சந்தேகப்பட்ட காவலாளிகளையெல்லாம் சமாளித்தவர், நம்பிவிட்டுப் போகிற ஆளை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் தவித்தார்.

அறுவடை நாளன்று டிரைவர் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார். சிந்தாமணியிடம் இருப்பதை வாங்கி வர என்னை அனுப்பினார். நான் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. பொறுக்குகிற பக்கம் முடிந்துவிட்டது; தரை துடைத்துவிட்டதைப் போல இருந்தது. பொறுக்கிய பக்கத்து மணி தங்கியிருக்குமே என்று சிந்தாமணி சட்டைக்கை மடிப்பைப் பிரித்து மூட்டையில் உதறிவிட்டு, திரும்பச் சுருட்டிக்கொண்டு, விடுகிற பக்கத்தை அறுக்க இறங்கினார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். கூப்பிடத்தான் வாய் எடுத்தேன். அறுத்து முடிக்கட்டும் என்று விட்டேன்.

கடைசிக் கட்டைக் கட்டினார். டாக்டரம்மா தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் கண்ணாடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனதை நான் கவனித்தேன்.

சிந்தாமணி தனியாக நின்றார். காலடியில் மணி கொட்டிக் கிடந்தது. நீண்ட கூர் வைத்த காட்டு மணி, மண்ணில் குத்திட்டும் சாய்ந்தும், கயிறு வரைக்கும். இடது கையால் வலது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். அப்படியே, காலை வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து, கயிற்றைத் தாண்டிக் கொட்டகைக்கு வந்தார். குருவிகள் அவர் பின்னாலேயே இறங்கின. ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். விரட்டவில்லை.

கொட்டகை வாசலில் கையைக் கழுவக் குழாயைத் திறந்தவர், நிறுத்தினார். சுருட்டிய சட்டைக்கை மடிப்பில் எதுவோ குத்தியிருக்க வேண்டும். மடிப்பைப் பிரித்தார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணி விழுந்தது. விடுகிற பக்கத்து மணி. பக்கத்திலேயே மூட்டை வாய் திறந்து கிடந்தது. அவர் சாலையைப் பார்த்தார். கல்லூரிக் கட்டிடத்தைப் பார்த்தார். சிமெண்டில் நின்ற வண்டிகளுக்குள் ஆள் இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தார். யாரும் இல்லை. வேலிப் பக்கம் அவர் பார்வை வரவில்லை.

கையை மூடியபடி திரும்ப நடந்து கயிற்றைத் தாண்டினார். குருவிகள் எழுந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தன. குனிந்து, எறியாமல், விரல்களை விரித்து மட்டும் விட்டார். சட்டைக்கையைத் திருப்பி, தையலில் மாட்டிக்கொண்ட கடைசி மணியை நகத்தால் சுண்டிவிட்டார். பிறகு அந்தச் சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு, இத்தனை வருடத்தில் நான் பார்த்தே இராத பொத்தானைத் தேடிப் பிடித்துப் போட்டார். அடுத்து இன்னொரு கைக்கும் போட்டார்.